வாட்ஸப்பை நிறுத்திய செவ்வாய்க்கிழமை

வாட்ஸப்பை மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வைத்தவர்களின் கூட்டாளிகள் தகவல் அனுப்பக் கூடாதாம், வதந்தியும் பரவக் கூடாதாம். நல்ல கதைதான்!

மஸீஹாவின் புருஷன் பளீல் விடியக் காலையிலேயே, நோன்போடு, துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு றக்வான மலைத் தோட்டங்களுக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தார். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடுவார். சந்தியிலோ குண்டுக்குப் பழிவாங்கவென்று ஐம்பது பேர் பொல்லும் கல்லுமாக நிற்கிறார்கள். சோனகர் வண்டி, முஸ்லிம் வண்டி எது வந்தாலும் கொளுத்தப்போவதாகப் பேச்சு. அந்தச் சந்தியைத் தாண்டாமல் அவர் வீட்டுக்கு வர முடியாது.

மஸீஹா அவர் நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொன்னது. அப்போதுதான் உறைத்தது. டேட்டா மலிவென்று போன மாதம் அவர் புது சிம் போட்டிருந்தார். வாட்ஸப் மட்டும் பழைய நம்பரிலேயே ஓடியது. பேச்செல்லாம் அதில்தான் என்பதால் புது நம்பரை அவர் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை. கோல் எடுக்க அவர் அதில் காசு போடுவதுமில்லை. "நான் ஒரு மடச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொலீசுக்கு எடுத்தாள். "பலமு, பலமு" என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார்கள். பார்ப்போமாம்!

பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துச் சுப்பம்மா ஓடிவந்தாள். "சந்தியில நிக்கிறவனுங்க போன்ல வீடியோ பாத்து, ஆளுங்கள வரச்சொல்லிக்கிட்டு இருக்கானுங்க தங்கச்சி. ஏதோ வீபீஎன்னாம். அவனுங்களுக்கு எல்லாம் வேல செய்யுது."

"அப்ப எங்களுக்கு மட்டுந்தானா பூட்டு?" மஸீஹா வெடித்து அழுதாள்.

மேல் வளைவுக்குப் போய் வேனை மறிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் சந்தியைத்தான் கடக்க வேண்டும். சுப்பம்மா தன் சேலையை மஸீஹாவுக்குக் கட்டிவிட்டாள், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்தாள். "யா அல்லாஹ், என் மனசின் நிய்யத்து உனக்குத் தெரியும்," என்று முணுமுணுத்தபடி மஸீஹா படியிறங்கினாள்.

சந்தியில் ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "யன்ன நங்கி, யன்ன," என்று வழிவிட்டான். போ தங்கச்சி, போ என்கிறான். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நோன்பில் வறண்ட நாக்கோடு மேட்டில் ஏறி வளைவை அடைந்தபோது மூச்சு நெஞ்சில் அடைத்தது. வேனும் வந்துவிட்டது! இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு பாதை நடுவில் பாய்ந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.

பளீல் வேனை ஓரமாக ஒடித்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார். ஜன்னலால் தலையை நீட்டி, "கோவிச்சுக்காத தங்கச்சி, ஏத்த நேரமில்ல. வீட்டுல பொஞ்சாதி தனியா பயந்துக்கிட்டு இருப்பா!" என்று கத்தினார்.

கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் பின்னால் ஓடினாள். "நான்தாங்க! மஸீஹா!" இப்போது குரல் வந்தது. வேன் வளைவில் இறங்கி மறைந்துவிட்டது. சற்று நேரத்தில் சந்தியிலிருந்து ஹோவென்ற கூச்சல் மேலே வந்தது.