வராதவன் வீட்டுக்குப் போன வாசம்

டெக்சாஸ் பக்கத்துச் சான் திமாஸ் ஊரில் எலோதியா சனிக்கிழமைதோறும் வைத்த மாட்டு மிளகாய்க்கறியின் வாசம் அவள் தம்பி மக்காரியோவின் வீட்டுக்கு மட்டுமே போனது. அவள் சட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது, வெந்நீர் கொதிக்கிற மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் வராது. சன்னல் வழியாக இறங்கி, பருத்தி அரவை ஆலை முக்கில் திரும்பி, கடல் பக்கத்துக் காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதற்கு எதிரே நடந்து, தம்பி வீட்டு வாசலில் போய் நிற்கும். அந்த வருஷம் பருத்தி விலை அடியோடு விழுந்திருந்ததால் ஊரில் யாருக்கும் இதைப் பற்றிப் பேச நேரமில்லை.

அவர்கள் அப்பா ப்ரூதென்சியோவின் அடக்கத்துக்கு மறுவாரம் தொடங்கியது இது. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு மிளகாய்க்கறி போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. மக்காரியோ வேலை பார்த்த பண்ணையின் முதலாளி, நல்ல மனுஷன், ஒரு முழு மாட்டுத் தொடையைக் கொடுத்து அனுப்பினார். மக்காரியோ வருகிற வழியில் சேவல் சண்டை நடந்துகொண்டிருந்தது. துக்கத்தில் இருக்கிறவனுக்குப் புத்தி எங்கே இருக்கும்? கையில் காசு இல்லை, கறி இருந்தது, கறியைப் பந்தயம் கட்டினான். அவன் சேவல் செத்தது. மிச்சமாக ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “மத்ததெல்லாம் வெயில்ல கெட்டுப்போச்சுக்கா, வழியிலேயே போட்டுட்டேன்” என்றான். எலோதியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். துண்டை வாங்கிச் சட்டியில் போட்டாள்.

முற்றம் நிறைய ஆட்கள். மிளகாயைக் கல்லில் வாட்டி ஊறவைத்து அரைத்தாயிற்று, கறி மட்டும் அந்த ஒரு துண்டுதான். பசியோடு யாரையும் அனுப்பக் கூடாது என்று, பின்னடுப்பில் வெந்துகொண்டிருந்த பயற்றை எடுத்து அப்படியே மிளகாய்க்கறிக்குள் கவிழ்த்துவிட்டாள். டெக்சாஸில் பிறந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். பயறு எங்கள் வீடுகளில் தினமும் வேகிறது, ஆனால் அதன் சட்டி வேறு. மிளகாய்க்கறியில் பயறு விழுந்தால், இந்த வீட்டில் கறிக்கு வழியில்லை என்று ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. மக்காரியோ கரண்டியைத் தூக்கினான். கரண்டியில் பயறு இருந்தது. ஊரே பார்த்தது. குற்றமுள்ள மனசுக்குக் கோபம் சட்டென்று வரும் அல்லவா, கத்தினான்.

“அப்பா சாவுச் சாப்பாட்டுலயே பயறைக் கொட்டி வச்சிருக்கியே, உனக்கு வெட்கமா இல்லக்கா? நாளைக்கு நான் எப்படி இந்தத் தெருவுல நடப்பேன்?”

எலோதியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மானம் அங்கேயே போயிருக்கும். சொல்லவில்லை. “பசிக்கிறவங்க சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னாள். கறியைப் பந்தயத்தில் ஜெயித்தவனும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து பயறு தின்றுகொண்டிருந்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை. மக்காரியோ நாற்காலியை உதைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனான். அதற்குப் பிறகு அக்காவோடு பேச்சு இல்லை.

வாசம் வரத் தொடங்கியதும் அவன் சன்னல்களை ஆணியடித்து மூடினான், இடுக்குகளில் துணியைத் திணித்தான். வாசம் சாவித் துவாரம் வழியாக வந்தது. வெறுத்துப்போய்க் கார்ப்பஸ் கிறிஸ்டி பட்டணத்துக்குக் குடிபோய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். முதல் சனிக்கிழமை வாசம் வரவில்லை என்று சந்தோஷத்தில் கூட்டாளிகளுக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரம் வந்துவிட்டது, களைத்துப்போய், வழிநெடுகப் பட்ட புழுதி மணத்தோடு. அங்கேதான் ஓரலியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு முதலில் சந்தேகம்.

“ஏங்க, உங்க சட்டையில எவ வீட்டுக் கறி மணக்குது?”

“எங்க அக்கா வீட்டுது.”

“அவங்க ஊரு பக்கத்துலயா இருக்கு?”

“எங்க பக்கத்துல? பஸ்ஸுல அரை நாள் போகணும்.”

“அப்ப ஒரு நடை போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுங்களேன். பாவம், அந்த வாசத்துக்காவது இந்த அலைச்சல் மிஞ்சும்.”

மக்காரியோ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். வீம்பு பிடித்த குடும்பம், அவர்கள் அப்பாவும் அப்படித்தான். பிள்ளைகள் பிறந்து, சனிக்கிழமை என்றால் இப்படித்தான் மணக்கும் போல என்று நினைத்து வளர்ந்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டு மூட்டை தூக்க முடியாமல் போனதும் மக்காரியோ சான் திமாஸுக்கே திரும்பினான். கோயிலில் அக்கா இடப்பக்கம் உட்கார்ந்தால் அவன் வலப்பக்கம். ஆனால் சனிக்கிழமைகளில் அவன் மூக்கு அவள் அடுப்பிலேயே இருந்தது. மிளகாய் வாடுவது, கொழுப்பு உருகுவது, கறித்துண்டுகள் சிவப்பது, பூண்டு விழுவது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. “இன்னைக்குச் சீரகம் போட லேட்டு” என்று தனக்குள் முணுமுணுப்பான். ஓரலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எலோதியாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, தம்பி வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாசமில்லாத கறியைச் சக்கை மாதிரி மென்று விழுங்கிக்கொண்டு, எதிரே அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். சாயந்திரம் அதைத் தெருநாய்களுக்குப் போட்டாள். எங்கள் ஊர் நாய்கள் அந்தக் காலத்தில் பன்றி கனம் இருந்தன.

பிறகு ஒரு சனிக்கிழமை வாசம் வரவில்லை. மக்காரியோ வாசலில் நின்றான், உள்ளே வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். மிளகாய் வாடும் நேரம் போயிற்று, சீரகத்தின் நேரமும் போயிற்று. “இன்னும் என்னங்க யோசனை? போங்க” என்றாள் ஓரலியா. செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

எலோதியா அடுப்பங்கரையில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். மிளகாய்ச் சரத்தை இறக்க முக்காலியில் ஏறி விழுந்திருக்கிறாள்.

“செத்துட்டேன்னு நினைச்சு வந்தியாக்கும்?”

“ஆமா.”

“இன்னும் இல்ல. உக்காரு.”

அவன் உட்காரவில்லை. வந்த வழியே வெளியே போனான். எலோதியாவுக்கு இத்தனை வருஷம் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. அவள் அழுது முடிப்பதற்குள் அவன் ஒரு முழு மாட்டுத் தொடையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான்.

“எதுக்குடா இவ்வளவு? ஊருக்கே பந்தி போடப் போறியா?”

“அன்னைக்குக் கொண்டு வந்திருக்க வேண்டியது.” தலையைக் குனிந்துகொண்டான். “அது வெயில்ல கெட்டுப்போகலக்கா.”

“தெரியும்டா. உன் சட்டையில சேவல் இறகு ஒட்டியிருந்துச்சே.”

“அப்ப ஏன் சபையில சொல்லல?”

“அப்பாவைப் பறிகொடுத்த அன்னைக்கே உன்னையும் எங்கடா விடுறது?” என்றாள். பிறகு, “அப்படியும் விட்டுட்டேன்” என்றாள்.

அன்றைக்கு அவனே சமைத்தான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து துண்டைச் சிறிதாக நறுக்கு, தீயைக் குறை என்று விரட்டிக்கொண்டிருந்தாள். கறி கொதித்தபோது அவன் சட்டியின் மேல் குனிந்தான், மூக்கை உறிஞ்சினான், திகைத்துப்போனான்.

“என்னக்கா, ஒண்ணுமே மணக்கலயே?”

“எனக்கு இத்தனை வருஷமா அப்படித்தான்.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு பின்னடுப்பிலிருந்த பயற்றுச் சட்டியை எடுத்து, ஒரு பயறு மிச்சமில்லாமல் மிளகாய்க்கறிக்குள் கவிழ்த்தான்.

“அடப்பாவி, கறிதான் மலை மாதிரி கிடக்கே!”

“கிடக்கட்டும்.”

இருவரும் சோளரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கல்லறைத்தோட்டத்துக் குழிவெட்டி செஃபெரினோ மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். “ஏம்மா எலோதியா, உங்க அப்பா தலைமாட்டுல கமகமன்னு கறி மணக்குது. பசியில மண்வெட்டி ஓட மாட்டேங்குது” என்று புகார் சொன்னான். எலோதியா கொஞ்சம் யோசித்தாள். “சாப்பிட வராதவங்களைத் தேடித்தானே அது போகும்” என்று சொல்லிவிட்டு, அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

இப்போதெல்லாம் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறவர்கள் சனிக்கிழமை மதியமாகப் பார்த்துப் போகிறார்கள். செஃபெரினோ வெறும் ரொட்டியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய் ப்ரூதென்சியோவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பயற்றின் வாசமும் சேர்ந்தேதான் வருகிறதாம். அங்கே இருக்கிறவர்கள் யாரும் இதுவரை குறை சொல்லவில்லை.