நிஜ எடையில் ஒரு பொம்மை

துணிக்கடைகளில் சட்டை மாட்டி நிறுத்தி வைக்கிறார்களே, அந்தப் பொம்மைகளைச் செய்வதுதான் என் தொழில். இரண்டாவது மாடியில் பட்டறை. பொம்மை என்றால் ஃபைபர் ஓடுதான், உள்ளே ஒன்றும் கிடையாது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிடலாம். எல்லாம் ஒரே அளவு, உலகத்தில் யாருக்கும் இல்லாத இடுப்பு. இத்தனை வருடத்தில் குண்டாக ஒரு பொம்மை வேண்டும் என்று ஒரு கடைக்காரரும் கேட்டதில்லை. குண்டாக இருப்பவர்களும் துணி உடுத்திக்கொண்டுதான் நடமாடுகிறார்கள் என்ற விஷயம் அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

முதன்முதலாகக் கேட்டு வந்தவர் ஒரு சுகாதார அதிகாரி. நகர மண்டபத்தில் ஆரோக்கியக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். நுழைவாயிலில் இரண்டு பொம்மைகள். ஒன்று ஒல்லியாக, நிமிர்ந்து, சிரித்த முகமாக. இன்னொன்று குண்டாக, தலை தொங்கி, தோள் சரிந்து, தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்படுகிற மாதிரி. மேலே ஒரு பலகை: ‘உங்கள் உடல், உங்கள் பொறுப்பு.’ அவரே படமும் வரைந்து கொண்டுவந்திருந்தார். டீ கொடுத்தால் வேண்டாம் என்றார். வேண்டாம் என்றதோடு விடாமல், என் கையிலிருந்த பிஸ்கட்டில் எவ்வளவு சர்க்கரை என்றும் சொன்னார். அவர் படியிறங்கி முடிப்பதற்குள் எங்கள் வெல்டர் அவருக்கு ‘கலோரி சார்’ என்று பெயர் வைத்துவிட்டான்.

அவர் கேட்டதில் புதுசாக ஒன்று இருந்தது. குண்டுப் பொம்மை நிஜ எடையில் இருக்க வேண்டும். பின்னால் முட்டுக்கொடுக்கக் கூடாது, சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

“ஜனங்க கை வெச்சுத் தள்ளிப் பாக்கட்டும் மேடம். அசையாது. எவ்வளவு சுமைன்னு அப்பத்தான் உறைக்கும்” என்றார்.

நிஜ எடை என்றால் நிஜ ஆள் ஒருவரை வைத்து அளவெடுக்க வேண்டும். எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? அண்ணிதான்.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க மேஜை முன்னால் நின்றபடி துணி வெட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் உட்காருவது குறைவு. எனக்கும் அண்ணனுக்கும் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இதை நாங்கள் ஒழுக்கம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். அண்ணன் மூன்றாவது தடவை பரிமாறிக்கொண்டே அண்ணியின் தட்டை எட்டிப் பார்ப்பான். வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவனுடைய வைத்தியம். அவளும் எத்தனையோ முறை கட்டிப் பார்த்தாள். கொஞ்சம் குறையும், பிறகு குறைந்தது தன் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு திரும்பி வரும். காதுவலி என்று டாக்டரிடம் போனால்கூட, அவர் காதை விட்டுவிட்டு எடையைப் பற்றித்தான் பேசுவார். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும், ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

எதற்காக அளவு எடுக்கிறேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். மறைத்தாலும் என் வாய் தாங்காது. அண்ணி துணியில் சாக் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். கோட்டை முடித்துவிட்டுச் சொன்னாள்.

“செய். ஆனா நான் எப்படி இருக்கேனோ அப்படியே செய்யணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

எதற்கு இந்த வம்பு, வேண்டாமென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றேன்.

“என் முதுகுப் பக்கத்தை நான் பாத்ததே இல்ல. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நானும் ஒரு தடவை பாக்கறேனே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எடை மேடையில் ஏறினாள். நூற்று இருபத்தெட்டு கிலோ. பிறகு ஒரு மதியம் முழுக்க நின்றாள். நாற்காலி போட்டேன், அதில் தன் பையை வைத்தாள். நான் சுற்றிச் சுற்றி வந்து டேப்பால் அளந்தேன். இடுப்பு இவ்வளவு, தொடை இவ்வளவு, மேல்கை இவ்வளவு. அளவு எடுக்கிற மும்முரத்தில் ஆளைப் பார்க்க மறந்தேன். சுற்றளவுகளை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, நிற்கிற விதத்தை அதிகாரியின் படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். உடம்பு அண்ணியுடையது, தொங்கல் அரசாங்கத்துடையது. இதில் வாக்கு எங்கே தவறியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடு தயாரானதும் உள்ளே கம்பிக்கூடு வைத்து, அதே எடை வரும் வரை சிமென்டும் மணலும் நிரப்பினோம். பாதங்களை, பாத அளவே உள்ள ஒரு பலகையில் முடுக்கினோம். இறுகிய பிறகு கயிறுகளை அவிழ்த்தோம். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கணுக்கால் கம்பிகள் இரண்டும் வளைந்து, முகம் குப்புற விழுந்தது. மூக்கு போய்விட்டது, என் வேலைமேஜையின் ஒரு காலும் போய்விட்டது. வெல்டர் கம்பிக் கடைக்காரனைத் திட்டினான். தடிமனான கம்பியாக வாங்கி மறுபடி செய்தோம். இந்தத் தடவை கம்பி வளையவில்லை. பலகையோடு பெயர்ந்து விழுந்தது.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணியை இன்னொரு தடவை வரச் சொன்னேன்.

வேலை முடிந்து நேரே வந்தாள். டேப்பை எடுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “சும்மா நில்லுங்க அண்ணி, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி” என்றேன். நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

இத்தனை வருடம் அவளோடு ஒரே வீட்டில் புழங்கியிருக்கிறேன். அவள் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

தோள்கள் இரண்டும் பின்னுக்குப் போயிருந்தன. முதுகு ஒரு வில் போல லேசாக உள்வாங்கி, முன்பக்கத்துப் பாரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது. தலை கழுத்துக்கு நேர் மேலே இருந்தது. பாதங்கள் விரிந்து, பெருவிரல்கள் தரையைக் கவ்வியிருந்தன. காதோரத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தேன். நூல் தோளைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, கணுக்காலுக்குச் சற்று முன்னால் போய் நின்றது. கொத்தனார் கட்டின சுவர்கூட அவ்வளவு நேராக இருக்காது.

அதோடு அவள் சும்மா நிற்கவும் இல்லை. அவள் மூச்சு விடும்போதெல்லாம் கெண்டைக்கால் சதை ஒரு பக்கம் இறுகியது, மறுபக்கம் தளர்ந்தது. சாய்வதற்கு முன்பே அந்தச் சாய்வைத் திருத்திக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். தேக்குக் கட்டை மாதிரி இருந்தது. என் கம்பி வளைந்த அதே இடத்தில் இவளுக்கு இரண்டு எலும்பு, கொஞ்சம் தசைநார், அவ்வளவுதான். அவை காலையிலிருந்து கட்டிங் மேஜை முன்னால் நின்றுவிட்டு, பஸ்ஸிலும் நின்றுவிட்டு, இரண்டு மாடி ஏறி வந்து, இப்போது எனக்காகவும் நிற்கின்றன. உள்ளே ஓர் இதயம் இந்த உடம்பின் கடைசி மூலை வரை ரத்தத்தை அனுப்பிக்கொண்டு, ஒரு நாள்கூட விடுப்பு கேட்காமல் இருக்கிறது. நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

“என்னடி, ஏதாவது தப்பா நிக்கறேனா?” என்றாள் அண்ணி.

அதிகாரியின் படத்தைக் காட்டி, இந்த மாதிரி ஒரு தடவை நில்லுங்கள் என்றேன். அவள் தோளைச் சரித்து, தலையைத் தொங்கவிட்டாள். உடனே குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. விழாமலிருக்க ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். என் பொம்மைக்கு மட்டும் அந்த ஓரடியை எடுத்து வைக்கத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டு மூன்றாவது பொம்மையைச் செய்தேன். அதிகாரியின் படம் குப்பைக் கூடைக்குப் போனது. அண்ணி நின்றபடியே கூடு, அண்ணி நின்றபடியே ஓடு. கயிறுகளை அவிழ்த்தபோது வெல்டர் கதவோரமாகப் போய் நின்றுகொண்டான். பொம்மை நின்றது. தள்ளிப் பார்த்தோம். அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் அதிகாரி வண்டியோடு வந்தார். அண்ணியும் அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தன் முதுகைப் பார்ப்பதற்காக வந்திருந்தாள். அவர் பொம்மையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்ன மேடம் இது, பரிசு வாங்கப் போற மாதிரி நிக்குது? இதப் பாத்து யாருக்குப் பயம் வரும்?”

தலை தொங்கினால் நிற்காது, இரண்டு தடவை விழுந்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் வேலைக்குச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறேன் என்கிற மாதிரி பார்த்தார். அப்போது அண்ணி பேசினாள். குரல் ஏறவில்லை.

“அவ சொல்றது நிஜம் சார். நான் தலையைத் தொங்கப் போட்டா விழுந்துடுவேன். வீட்டுலயும் வெளியிலயும் எத்தனையோ பேர் தொங்கப் போட வெக்கப் பாத்தாங்க. என்னால முடியாது.”

அதிகாரி அவளைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். யாருடைய உடம்பு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் பேசினார். சரி, உடம்பு அப்படியே இருக்கட்டும், கழுத்தை மட்டும் அறுத்து முகத்தைக் கீழே திருப்பி ஒட்டிவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதானே என்றார்.

ஒரு மணி நேர வேலைதான். ரம்பம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. செய்தால் பொம்மை நிற்கும்தான், தலை அப்படியொன்றும் பாரமில்லை. ஆனால் ஊர் முழுக்க வந்து பார்க்கிற இடத்தில் அண்ணி குனிந்து நிற்பாள், குனிய வைத்தவள் நானாக இருப்பேன். கழுத்தில் கை வைக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் ஒல்லிப் பொம்மை மட்டும் போதும், இனிமேல் தங்கள் பக்கமிருந்து வேலை வராது என்றார். வராவிட்டால் போகட்டும் என்றேன்.

அண்ணி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பொம்மையைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தாள். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தோம். பிடரியிலிருந்து தொடங்கி, தோள்பட்டை வழியாக, இடுப்பு மடிப்பு வரை, துணியை நீவுகிற மாதிரி உள்ளங்கையால் நீவினாள். அவசரமே படவில்லை.

“அம்மாடி,” என்றாள் மெதுவாக. “எவ்வளவு பெரிசா இருக்கு. ஒரே துணில தையலே இல்லாம வெட்டின மாதிரி.”

அதிகாரி பொம்மையின் தோளில் ஒரு கையை வைத்துத் தள்ளினார். பிறகு இரண்டு கைகளாலும் தள்ளினார். செருப்பு வழுக்கியது. கைகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கணுக்கால்களைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏத்திடுங்க,” என்றார். “வாசல் பலகைல என்ன எழுதறதுன்னு அப்புறம் யோசிக்கலாம்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே போய்விட்டார்.

ஏற்றுவதற்கு முதலில் இறக்க வேண்டுமே. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற பொம்மைகளையே செய்து பழகினவளுக்கு, இதை இரண்டு மாடி இறக்க வேண்டும் என்ற நினைப்பே வந்திருக்கவில்லை. வண்டியோடு வந்தவர்கள் இரண்டு பேர், எங்கள் வெல்டர் ஒருவன். போதாது என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரு பொம்மையைத் தூக்க நாலு பேரா என்று கேலி செய்துகொண்டே வந்தான். கயிறு கட்டி, கம்பு செருகி, நாலு பேரும் தூக்கினார்கள். முதல் படியிலேயே அண்ணனின் கேலி நின்றுவிட்டது. படிக்குப் படி, நிறுத்தி நிறுத்தி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இறக்கினார்கள். முதல் திருப்பத்தில், இதற்கு மேல் முடியாது என்று கீழே வைத்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது, பேச வாய் திறந்தால் மூச்சுதான் வந்தது.

அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தாள். பொம்மை வழியை அடைத்திருந்ததால் மேல்படியில் நின்றாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். பொம்மையின் முழங்காலைப் பார்த்தான், பிறகு அவளுடைய முழங்காலைப் பார்த்தான். அப்படியொரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை. பெரிய மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்த ஆள் மாதிரி இருந்தான்.

“தினமும் இத்தனையும் தூக்கிட்டா நீ ஏறி இறங்கற?”

“இறக்கி வெக்க இடம் இல்லையே” என்றாள் அண்ணி.

அண்ணன் கயிற்றைப் பிடித்து, மற்ற மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு, பொம்மையைச் சுவரோரமாக நகர்த்தி வழிவிட்டான். அண்ணி அவர்களைத் தாண்டி, ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கினாள். அவள் கடைசிப் படியைத் தாண்டித் தெருவில் கால் வைக்கும் வரை நாலு பேரில் ஒருவரும் அந்தப் பொம்மையைத் தொடவில்லை.