ஒடுவந்தழை ஆராய்ச்சி

ஒடுவந்தழை என்ற விஷத்தழையைத் தின்றவர்களை எது கொல்கிறது என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வேலூர் மருத்துவமனைக்கு வந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். திடீரென்று ஒருநாள் இதயம் நின்றுவிடும். விஷம் இதயத்தைத்தான் தாக்குகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி ஃபீபியும் அப்படித்தான் தொடங்கினாள். ஆனால் தழைச்சாறு பட்ட தவளையின் இதயம் சாயங்காலம்வரை துடித்துக்கொண்டிருந்தது. விஷம் நேராக இதயத்தைத் தொடவில்லையென்றால், ரத்தத்தின் உப்புகளைச் சமன்செய்யும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கிறதோ என்று அன்று அவளுக்குச் சந்தேகம் விழுந்தது.

தொண்ணூற்றெட்டில் சம்பூர்ணம் வந்து சேர்ந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. வீட்டுச் சண்டையில் ஆத்திரப்பட்டுத் தழையைத் தின்றுவிட்டு, உடனே பயந்துபோய் அம்மாவிடம் ஓடிச் சொன்னவள்.

சிறுநீர் சேகரிக்க ஃபீபி பாட்டிலோடு போகும்போதெல்லாம் சிரிப்பாள். "இன்னா டாக்டரக்கா, தெனமும் இதயே கேக்குறீங்க? எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. புத்தி கெட்டுப்போய் செஞ்சிட்டேன். இனிமே செய்வேனா?"

ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. சிறுநீரில் அது இறங்கவில்லை. இதயம் சீராகத் துடிக்கத் தேவையான பொட்டாசியம்தான் வீணாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஃபீபி தன் மேற்பார்வையாளர் தேவானந்தத்திடம் ஓடினாள்.

"ஒரே ஒரு பேஷண்ட்மா," என்றார் அவர். "இத வச்சி வார்டுல போய் இன்னா சொல்லுவே? இன்னும் நாலு பேர பாத்துட்டு பேசலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் ஃபீபி வார்டுவரை போனாள். நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதென்று சம்பூர்ணத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தலைவாரிப் பூ வைத்திருந்தவள், "வர்றேன்கா!" என்று கையாட்டினாள். ஃபீபியும் கையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சம்பூர்ணம் சாய்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

அடுத்தடுத்து வந்தவர்களிடமும், தழைச்சாறு கொடுத்த எலிகளிடமும் அதே முடிவுதான் கிடைத்தது. நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்து பொட்டாசியம் ஏற்றத் தொடங்கினார்கள். பலர் பிழைத்தார்கள். சில வருடங்கள் கழித்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது எல்லோரும் ஃபீபியைப் பாராட்டினார்கள். அந்த வாரமே அவள் ஆம்பூருக்கு பஸ் ஏறினாள்.

சம்பூர்ணத்தின் அம்மா ஜெயம்மாள் ஃபீபி சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கே ஒங்களுக்கு சந்தேகம் இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா. நிச்சயமா தெரியாததால சொல்லல."

"சந்தேகம்னு சொல்லியிருந்தாலே போதுமே தாயி. நாங்க அங்கியே வச்சிருப்போமே."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் ஃபீபியால் தாங்க முடியவில்லை. ஜெயம்மாள் கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.