முதலில் அழுதவர்

அந்த மனநல ஆலோசனை மையத்தின் வரவேற்பறையில் 'இங்கே எல்லோரும் சமம்' என்று எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மாட்டியாகிவிட்டது, அப்புறம் சமமாக வேறு நடத்த வேண்டுமா என்ன?

அவள் அங்கே பயிற்சி ஆலோசகர். இரண்டு வருஷப் பயிற்சி முடியப் போகிறது. மேற்பார்வையாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உரிமம், இல்லாவிட்டால் இரண்டு வருஷமும் பாழ். அங்கே கருப்பாக இருந்தது அவள் ஒருத்திதான். அதனால் கருப்பாக யார் வந்தாலும் அவள் அறைக்கே அனுப்பினார்கள். அப்படி வந்த ஒருவர் பேசிய மொழியை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஒரு மணி நேரம் இருவரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்க ஆளுங்களை உங்களுக்குத்தானேமா புரியும்!" என்றார் மேற்பார்வையாளர். மையத்தில் அவருக்குப் பெரிய மேடம் என்று பெயர்.

போன திங்கட்கிழமை புதிதாக வந்த ஒரு பெண் அவள் அறைக் கதவைத் திறந்தாள், பார்த்தாள், அப்படியே திரும்பிப் போனாள். "அந்தக் கருப்பு வேண்டாங்க. நம்மள மாதிரி யாராவது இருந்தாப் பாருங்க" என்று வரவேற்பில் சொன்னது உள்ளே வரை கேட்டது. ஐந்தே நிமிஷத்தில் ஆளை மாற்றிக் கொடுத்தார்கள். ஒழுகும் குழாயை மாற்ற அதே மையத்துக்கு மூன்று மாதம் ஆனது.

வியாழக்கிழமை குழுக் கூட்டம். ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாரத்தில் மனசைக் கஷ்டப்படுத்தியதைச் சொல்ல வேண்டும். அவளும் சொன்னாள். "இது நிறவெறிதானே மேடம்? மையம் ஏன் அதுக்கு ஒத்துப்போச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். பெரிய மேடத்தின் கண் கலங்கியது. "முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை" என்று விசும்பினார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் அழுகிறாரோ, காயம் அவருக்குத்தான். மற்ற மூவரும் ஓடிப்போய் அவர் தோளைத் தடவினார்கள். டிஷ்யூ பெட்டி அவள் பக்கத்தில் இருந்ததால் எடுத்துக் கொடுக்கும் பாக்கியம் அவளுக்கே கிடைத்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரிய மேடம் தீர்ப்புச் சொன்னார். "உனக்குள்ள ஆறாத கோபம் இருக்கும்மா. அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் அதை ஒத்துக்கோ. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

வீட்டில் கணவன், "ஒரு மன்னிப்புத்தானே, கேட்டுத் தொலைச்சிட்டு வாயேன்" என்றான். அவளும் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

மறு வியாழன் நால்வரும் கருணையே உருவாகக் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். "அன்னைக்கு நான் குரலை உசத்தினேனா? யாரையாவது ஒரு வார்த்தை திட்டினேனா? பார்த்தவங்க நீங்கதான், சொல்லுங்க."

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் நகத்தைப் பார்த்தார். அவளோடு ஒரே நாளில் சேர்ந்து, தினமும் மதியம் அவளோடு சாப்பிடும் தோழி, தன் செருப்பைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, இன்னும் தயாராகலை" என்று பெருமூச்சுவிட்டுப் படிவத்தை மூடி வைத்தார் பெரிய மேடம்.

நடைவழியில் தோழி பின்னாலேயே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கேட்டது நூத்துக்கு நூறு சரிடி. நீ கத்தவே இல்லை. நான் முழுக்க உன் பக்கம்."

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே?"

தோழி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இன்னும் கையெழுத்து ஆகலையேடி."

பெரிய மேடத்தின் மேல்கூட அவளுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. கையை உருவிக்கொண்டு, அந்த மையத்தில் முதன்முறையாக, அவள் கத்தினாள்.