கோலத்தில் ஒரு மஞ்சள் வட்டம்

பேட்டரி ரொப்பும் லீலா ஷெட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து தட்டைத் தட்டிவிட்டாள். எரிந்துகொண்டிருந்த கற்பூரம் சந்திரம்மாளின் கையிலிருந்து பறந்து வாசல் கோலத்தில் விழுந்தது.

“இன்னாடி, பூஜைத் தட்டைப் போய்த் தட்டி வுடறே? பேய் கீய் புடிச்சிருக்கா?” என்றாள், ஷெட்டைப் பெருக்கும் சந்திரம்மாள்.

“உள்ள ஒரு பேட்டரி மூடி உப்பிக்கினு கீதுக்கா. பொறி போனா அவ்ளோதான். நவுரு.”

ஆயுத பூஜைக்கு மறுநாள். தண்டலத்தில் அந்தச் சின்னக் கம்பெனி ரயில்வே சிக்னல் விளக்குகளுக்கு பேட்டரி செய்தது. துத்தநாகத் தகடு, காஸ்டிக் கரைசல். மிச்சத்தை மூடித் துளைகள் வழியே நுழையும் வெளிக்காற்று பார்த்துக்கொள்ளும். பூஜை முடிந்து ரொப்புகிற முதல் பேட்டரிகளின் மூடிக்கெல்லாம் சந்தனம் அப்புவது அங்கே வழக்கம். அது காய்ந்து காற்றுத் துளைகளை அடைத்திருந்தது.

லீலா உள்ளே திரும்பி ஓடி ஒரு துளையை ஈர்க்குச்சியால் குத்தினாள். பாம்பு மாதிரி சீறியது.

கெமிஸ்ட் பாண்டுரங்கன் முகம் வெளுத்தார். “ஹைட்ரஜன். காஸ்டிக் தகட்டைத் தின்னுது. கரைசல்ல அந்த வெள்ளைத் துத்தநாகப் பவுடர் கலந்தா இப்படித் தின்னாதே. போட்டியா இல்லையா?”

“டின்லேர்ந்து அளந்துதான் சார் போட்டேன். காலைலயும் போட்டேன், இப்பவும் போட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் ரொப்பிய பேட்டரிகளை மூடிய வேனில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போயிருப்பவன் எல்லப்பன். அவள் புருஷன். ஸ்டீயரிங் பிடித்தால் அவன் வாயில் பீடி அணையாது.

“பதறாதே. காலைல பவுடர் நல்லாத்தான் இருந்திருக்கும். அப்புறம்தான் எவனோ கை வெச்சிருக்கான். மொதல்ல வாசல்ல எரியற அந்தக் கற்பூரத்தை அணை.”

லீலா வாசலுக்கு வந்து செருப்பால் கற்பூரத்தை அணைத்து ஒதுக்கினாள். அடியில் வெள்ளைக் கோலம் மஞ்சளாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல மறுபடி வெள்ளையானது.

கோலமாவு அப்படி மாறாது. புது மூட்டை வந்தால் கரண்டியில் சூடுகாட்டிச் சோதிப்பார்களே, அந்த பேட்டரிப் பவுடர்தான் மாறும்.

“அக்கா, இது ஏது?”

சந்திரம்மாள் முந்தானையைத் திருகினாள். “எங்கிட்ட இருந்த மாவு மங்கலா கெடந்துச்சி. டின்னுல இருந்தது பால் மாதிரி இருந்துச்சி. சாமிக்குத்தானேன்னு அதை எடுத்துக்கினு, கொறஞ்சது தெரியக் கூடாதுன்னு எம் மாவை அதுல கொட்டிட்டேன்.”

“கோலம் எப்பக்கா போட்ட? காலைல நான் ரொப்புனதுக்கு அப்புறம்தானே?”

“நேத்து. பூஜைக்குத்தான்.”