சோடி மாற்றிய தலைவர்

என் கணவர் வின்சன்ட் அமெரிக்க சனாதிபதி இல்லை. இதை நான் அவருக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவர் மொன்றியலில் உள்ள யாகப்பர் ஒன்றியத்தின் தலைவர். கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு திருவிழாவும் ஒரு யாத்திரையும் கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு ஓர் ஒன்றுகூடலும் நடத்துகிற சங்கம். அதற்குத் தலைவர் என்றால் மண்டபக் கதவைத் திறக்கவும் வேண்டும், கடைசியில் கதிரைகளை அடுக்கவும் வேண்டும். ஆனால் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால், பின்னால் இரண்டு கறுப்புக் கார் வருகிறதோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சிதான் கதி. நாங்கள் இருப்பது கனடாவில், வாக்குப் போடுவதும் கனடாவில். அவருடைய கவலை முழுவதும் எல்லைக்கு அப்பால். அன்று தை மாதக் காலை, வெளியே பனி கொட்டுகிறது. தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டாம் முறை தேர்தலுக்கு நிற்கிற சனாதிபதி பழைய உபசனாதிபதியையே வைத்திருக்கலாமா, மாற்ற வேண்டுமா என்பதுதான் சண்டை. வின்சன்ட் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"செலீன், இஞ்ச ஒருக்கா வாரும்," என்றார். "நான் முடிவெடுத்திட்டன். வாற ஒன்றியத் தேர்தலுக்கு றெக்ஸை மாத்தப்போறன்."

றெக்ஸ் எங்கள் ஒன்றியத்தின் உபதலைவன். அதைவிட முக்கியம், அவன் என் தம்பி.

எங்கள் ஒன்றியத்தில் தலைவரும் உபதலைவரும் தனித்தனியே நிற்க முடியாது. ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றார்கள். தெரிவான இருவரும் ஒரே ஒலிவாங்கியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில் பிரச்சினை பங்குத் தந்தை வரைக்கும் போனது. அதன்பிறகு ஒன்றியத்தின் விதிகளான யாப்பைத் திருத்தி, சோடியாகத்தான் நிற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். தலைவர் இடையில் விலகினால் உபதலைவர் தலைவராவார், அவர் தனக்கு விருப்பமான ஒருவரை உபதலைவராக வைத்துக்கொள்ளலாம். யாப்பில் எல்லாருக்கும் மனப்பாடமான இடம் இது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஒன்றியத்துக்கு வெள்ளிவிழா. ஆடி மாதத் திருவிழாவில் குருவானவர் கொடியை ஆசீர்வதிக்க, ஒன்றியத் தலைவர்தான் கயிற்றை இழுத்து ஏற்றுவார். வெள்ளிவிழாக் கொடியைத் தன் கையால் ஏற்ற வேண்டும் என்பது வின்சன்ட்டின் ஒரே ஆசை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உணவகங்களில் கோப்பை கழுவினவர், பிறகு வாழ்நாள் முழுக்க இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர். ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேடைக்கு அழைத்ததில்லை. அந்தக் கயிறு அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"றெக்ஸ் உங்களுக்கு என்ன செய்தவன்?" என்று கேட்டேன்.

"என்ன செய்யேல்ல எண்டு கேளும்!"

அதிலும் உண்மை இருந்தது. என் தம்பி நல்லவன், ஆனால் அவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது உருப்படாது. யாத்திரைக்கு பஸ் ஒழுங்கு செய்தான். சனம் பார்க் மெட்ரோ வாசலில் குடையோடு காத்து நிற்க, பஸ் அக்காடி மெட்ரோவில் போய் நின்றது. பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கக் கொடுத்தார்கள். யோசெப் அண்ணையின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம் என்று உருக்கமாகச் சொன்னான். யோசெப் அண்ணை மூன்றாவது வாங்கிலில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தது அவருடைய மச்சான்.

"அமெரிக்காவில எண்டா இப்பிடி ஒருத்தனை ஒரு கிழமை வச்சிருக்க மாட்டினம்," என்றார் வின்சன்ட். "வெள்ளிவிழாவுக்கு நல்ல ஆள் வேணும். சனம் மதிக்கிற ஆள்."

"அப்பிடி ஒரு ஆளைப் பக்கத்தில வச்சா உங்களை ஆர் மதிப்பினம்?"

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். முந்திய தவணையில் இரண்டு தடவை அவரைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தார்கள். ஒருமுறை நத்தார் ஒன்றுகூடலில் சாப்பாட்டை ஆறவைத்துவிட்டு அவர் பேசிய பேச்சுக்காக. இன்னொருமுறை ஒருவரையும் கேட்காமல் ஒன்றியத்தின் பெயர்ப்பலகையில் தன் படத்தைப் போட்டதற்காக. இரண்டு தடவையும் முன்னாள் தலைவர் பத்திநாதர்தான் எழும்பினார். இரண்டு தடவையும் யாரோ ஒருவர், "அப்ப ஆர் வாறது?" என்று கேட்டார். எல்லாத் தலையும் றெக்ஸ் பக்கம் திரும்பியது. அவன் மூலையில் நின்று மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்திநாதர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"அவன் இருக்கிறபடியால்தான் நீங்கள் இருக்கிறியள்," என்றேன். "அவனைக் கழட்டினா அடுத்தது நீங்கள்தான்."

"உமக்குத் தம்பிப் பாசம்," என்றார். "அரசியலைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

அவருக்கு எதிரே தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டிக்காரர் இருவரும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்போலும்!

அவர் தேடிப் பிடித்த புதிய சோடி அஜிதா. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். காலையில் தாய்மார் அழ அழ விட்டுப்போகும் குழந்தைகளைப் பத்து நிமிஷத்தில் வரிசையாக இருத்திச் சாப்பிட வைக்கிறவள். நகரசபைக்காரரோடு பிரெஞ்சில் கதைப்பாள், கிழவர்களோடு மன்னார்த் தமிழில் கதைப்பாள், இரண்டு பக்கமும் அவளைத் தங்கள் ஆள் என்று நினைக்கும். வின்சன்ட் அவளிடம் போய்க் கேட்டபோது ஒரு வார்த்தைதான் கேட்டாளாம்: "ஏன் அண்ணை, றெக்ஸ் அண்ணையில என்ன பிழை?" அவர் அரைமணி நேரம் பட்டியல் போட்டிருக்கிறார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஓம் என்றிருக்கிறாள்.

றெக்ஸுக்கு இதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். சோறு போட்டு முடித்ததும் வின்சன்ட்டுக்குத் திடீரென்று பேஸ்மென்ட் ஹீற்றரின் நினைவு வந்தது. "சத்தம் ஒண்டு கேக்குது, பாத்திட்டு வாறன்," என்று இறங்கிப் போனவர் மேலே வரவேயில்லை. ஹீற்றரில் ஒரு சத்தமும் இல்லை.

நான் சொன்னேன். றெக்ஸ் நண்டுக்காலைக் கோப்பையில் வைத்துவிட்டு விரல்களைத் துடைத்தான்.

"அத்தான் சொன்னா சரிதானே அக்கா," என்றான். "அவர் பெருசா யோசிச்சுத்தான் செய்வார்." பிறகு, "கொடியேத்தத்துக்கு எண்டு நீலச் சூட் ஒண்டு வாங்கினனான். பரவாயில்லை, கலியாண வீடுகளுக்குப் போடலாம்," என்றான்.

திட்டுகிறவனாக இருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். அவன் போகும்போது பேஸ்மென்ட் படியில் குனிந்து, "அத்தான், வாறன்!" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனான். கீழேயிருந்து ஒரு முனகல்தான் பதிலாக வந்தது.

தேர்தலில் வின்சன்ட் - அஜிதா சோடிக்கு எதிராக நிற்க ஒருவரும் முன்வரவில்லை. கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. "பாத்தீரோ?" என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தேன். சனம் தட்டிய கை எந்தப் பக்கம் பார்த்துத் தட்டியது என்பதையும் பார்த்தேன்.

வசந்தம் முடிவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. யாத்திரை பஸ் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நின்றது. வெள்ளிவிழா வருஷத்துக்கென்று வைத்த விருந்தில் சாப்பாடு சூடாக வந்தது, ஏனென்றால் தலைவர் உரை சாப்பாட்டுக்குப் பிறகு என்று அஜிதா மாற்றிவிட்டாள். சாப்பிட்ட சனம் உரைக்கு நிற்கவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசி மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது. முன்பெல்லாம் மண்டபக் கதவின் திறப்பு எங்கே, வாழையிலை எங்கே என்று ஓயாமல் அடிக்கும். இப்போது அடித்தால் யாராவது, "அண்ணை, அஜிதாவின்ர நம்பரை ஒருக்காத் தாறியளோ?" என்று கேட்பார்கள். அவர் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, தொலைபேசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பாவமாக இருந்தது. அப்பவே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். இரண்டு தடவை விழுங்க முடியாமல் சொல்லியும்விட்டேன்.

ஆனி மாதம் வெள்ளிவிழா ஒழுங்குகளுக்காக விசேட பொதுக்கூட்டம் கூடியது. பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. வின்சன்ட் கொடியேற்ற நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தொடங்கும் முன் பத்திநாதர் கைத்தடியை ஊன்றி எழும்பினார்.

"எங்கட வின்சன்ட் தம்பி இந்த ஒன்றியத்துக்காக உடம்பைக் குடுத்து உழைச்சவர்," என்றார். "இந்த வெள்ளிவிழா வருஷத்தில அவரை எங்கட ஒன்றியத்தின்ர போசகரா உயர்த்தி, நாங்கள் அழகு பாக்க வேணும். இதை முன்மொழிகிறன்."

எங்கள் சங்கங்களைத் தெரிந்தவர்களுக்குப் போசகர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்வரிசையில் மெத்தைக் கதிரை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஒலிவாங்கியை மட்டும் பக்கத்தில் கொண்டுவர மாட்டார்கள். ஓர் ஆளை அடித்து விரட்டாமல் மாலை போட்டு விரட்டுவதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த பதவி அது.

வின்சன்ட்டின் முகம் வெளிறியது. ஆனாலும் மனிதர் தளரவில்லை. அவரை இரண்டு தடவை காப்பாற்றிய அந்தக் கேள்வியை இந்தமுறை அவரே கேட்டார்.

"அப்ப தலைவரா ஆர் வாறது?"

எல்லாத் தலையும் திரும்பியது. அஜிதா பின்வரிசையில் யாருடையதோ அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் ஒரு கிழவிக்குக் கதிரை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்திநாதர் பெருமூச்சு விடவில்லை. கதிரையில் இருக்கவுமில்லை.

ஆனால் பிரேரணையை வழிமொழிய ஒருவர் வேண்டும். அங்கேதான் சனத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. வின்சன்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்காள் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்கள். வழிமொழிய ஆளில்லாவிட்டால் பிரேரணை விழுந்துவிடும். வின்சன்ட்டின் முகத்தில் மெல்லிய சிரிப்பு வரத் தொடங்கியது. நானும் மூச்சை விட்டேன்.

"நான் வழிமொழிகிறன்!"

றெக்ஸ். கண் கலங்கி நின்றான்.

"எங்கட அத்தானுக்கு இவ்வளவு பெரிய பதவி குடுக்கேக்க ஏன் எல்லாரும் பேசாமல் இருக்கிறியள்?" என்றான். "தலைவருக்கும் மேலயெல்லோ போசகர்! அவர் இதுக்குத் தகுதியான ஆள். கையைத் தட்டுங்கோ!"

சனத்துக்கு அவ்வளவு போதும். நன்றிக்கடனோடு தட்டினார்கள். றெக்ஸ் மேடைக்கு ஓடிப்போய் அத்தானைக் கட்டிப்பிடித்தான். வின்சன்ட்டின் கை அவன் முதுகில் இரண்டு தரம் தட்டியது. தட்டினாரா, அடித்தாரா என்று எனக்குத் தெரியாது. கொடிக்கயிறு போய்விட்டது. அதைப் பறித்தவன் அங்கே இருந்தவர்களில் அவரை உண்மையாக நேசித்த ஒருவன்.

அடுத்த நாள் காலை அவர் தொலைக்காட்சியைப் போடவில்லை. சமையலறை மேசையில் வந்து இருந்தார். நான் வைத்த தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தார்.

"நீர் சொன்னது சரி," என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தி முதல்தடவையாக அந்த வசனத்தைக் கேட்கிறேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அழுகைதான் வந்தது.

"ஒரு யோசனை," என்று தொடர்ந்தார். "போசகருக்கு உபபோசகர் வைக்கக்கூடாது எண்டு யாப்பில இல்லைத்தானே? றெக்ஸை வைப்பம். அவன் பக்கத்தில இருந்தா அந்தக் கதிரையில இருந்தாவது என்னை ஒருத்தரும் எழுப்ப மாட்டினம்."

அழுகை நின்றுவிட்டது. தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இந்தமுறை நீங்களே கதையுங்கோ," என்றேன்.

பேஸ்மென்ட் கதவை ஒருதரம் பார்த்தார். பிறகு றெக்ஸின் நம்பரை அழுத்தினார். றெக்ஸின் குரல் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"அத்தான், கோவிக்காதேங்கோ. கொஞ்சம் முந்தித்தான் அஜிதா போன் எடுத்தவா. தனக்கு உபதலைவரா வரச்சொல்லிக் கேட்டவா. நான் ஓம் எண்டிட்டன்."

"உன்னையோ?" என்றார் வின்சன்ட். "உன்னை ஏனாம்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல அத்தான். வேலை ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். கூட்டங்களுக்கு மட்டும் தவறாமல் வந்து, எல்லாருக்கும் தெரியிற இடத்தில இருந்தாப் போதுமாம்."

வின்சன்ட் தொலைபேசியை மெதுவாக வைத்தார்.

"அவளை இனிச் சாகுமட்டும் ஒருத்தராலயும் அசைக்கேலாது," என்றார்.