கடைசிப் பதினொரு நிமிடம்

எங்கள் சங்கத்தில் எனக்குப் பெயர் மெஷின். படம் காட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்வதால் முதலில் மெஷின்காரர் என்றார்கள். நாளடைவில் காரர் கழன்று விழுந்துவிட்டார். மற்ற நாட்களில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு என்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயர் பொருந்திப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, பல் துலக்கும் முறையை விளக்கும் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சுவரில்தான் காட்சி. விஞ்ஞானப் படம், பேய்ப் படம், காலத்தில் முன்னே பின்னே போகிற படம், இவை மட்டும்தான். குடும்பப் படம் பார்க்க அவரவருக்குக் குடும்பம் இருக்கிறது என்பது தலைவரின் கொள்கை.

தலைவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். சங்கத்துக்குள் உறவு கொண்டாடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் நான் மச்சான். கிளினிக் படியேறினால் மெஷின்.

அவர் போட்ட சட்டங்களில் முக்கியமானது மௌனம். படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. விளக்கையும் போடக் கூடாது. படத்தில் உழைத்தவர்களின் பெயர் ஓடினால்கூட மனநிலை கெட்டுவிடுமாம். அதனால் கடைசிக் காட்சி முடிந்ததும் நான் மெஷினை அணைத்துவிட வேண்டும். இருட்டில் ஐந்து நிமிடம் எல்லோரும் சிந்திப்பார்கள். டாக்டர் சிந்திக்கும்போது மட்டும் லேசாகக் குறட்டை கேட்கும்.

இந்த வருடம் எங்கள் தலையில் ஏறியது, போன பத்து வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள் என்ற பட்டியல். தேர்வுக் குழுவில் அத்தான், டாக்டர், வக்கீலம்மா என்று மூன்று பேர். எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. பத்துப் படத்துக்கு ஏழு ஞாயிறு அடித்துக்கொண்டார்கள்.

பேய்ப் படம் விஞ்ஞானத்தில் சேருமா என்பதிலேயே இரண்டு ஞாயிறு போய்விட்டது. வக்கீலம்மா கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார்: பேய் கிணற்றிலிருந்து வந்தால் பேய்ப் படம், ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து வந்தால் விஞ்ஞானப் படம். கிணற்றில் மோட்டார் இருந்தால் என்ன செய்வது என்று அத்தான் கேட்டார். அது அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக இருந்ததால் ஒரு நல்ல படத்தை டாக்டர் பட்டியலிலிருந்து தூக்கினார். தன் கல்யாணத்தையே தடுக்கக் காலத்தில் பின்னோக்கிப் போகிறவனைப் பற்றிய படத்தை வக்கீலம்மா ஐந்தாம் இடத்துக்கு ஏற்றினார். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இத்தனைக்கும் பாதிப் படங்களை அவர்கள் பாதிதான் பார்த்திருந்தார்கள். டாக்டருக்கு இடைவேளைக்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியாது. வக்கீலம்மா ஃபோன் பேச வெளியே போய்விடுவார். அத்தான் படம் ஓடும்போதே அதைப் பற்றிக் குறிப்பு எழுதுவார், தலை நிமிர்வதே அபூர்வம். எல்லாப் படத்தையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பார்த்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனைப் பார்த்து, "மெஷின், டீ வந்துச்சா பாரு" என்றார்கள்.

முதல் இடத்துக்கு மட்டும் சண்டையே இல்லை. 'அந்தப் படம்' என்றால் போதும், எல்லோரும் தலையாட்டுவார்கள். மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம். அங்கே அம்மாவோடு தங்கி, தனியாக வேலை செய்யும் ஒரு பெண். தினமும் நான்கு மணிக்கு ஃபோன் அடிக்கும். எடுத்தால் அவளுடைய குரலே, முப்பது வருடம் தள்ளி, எதிர்காலத்திலிருந்து, நாளைக்கு மழை வருமா வராதா என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அவ்வளவுதான் கதை. தியேட்டரில் மூன்றே நாள் ஓடிய படம். ஒரு கடை மூடும்போது அதன் டிஸ்க்கைப் பழைய சாமானோடு வாங்கி வந்தவன் நான்.

ஒன்பது வருடத்துக்கு முன் அதை ஓட்டியபோது நடந்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கடைசியாக ஃபோன் அடிக்கிறது. அவள் எடுக்கிறாள். பேச வாயைத் திறக்கிறாள். அப்படியே நின்றுவிட்டாள். டிஸ்க் சிக்கிக்கொண்டது. நான் மெஷினிடம் பாய்ந்தேன். அதற்குள் இருட்டிலிருந்து அத்தான் குரல் வந்தது: "மௌனம்." பழக்க தோஷம், என் கை மெஷினை அணைத்துவிட்டது. "இன்னும்..." என்று ஆரம்பித்தேன். உஷ் என்று மூன்று பக்கமிருந்து அடக்கினார்கள். ஐந்து நிமிடம் கழித்து விளக்கைப் போட்டால் அத்தான் கண் கலங்கி நிற்கிறார். இப்படி ஒரு முடிவை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், அவள் என்ன சொல்வாள் என்பதை நம்மிடமே விட்டுவிட்டான் பார் என்று ஆரம்பித்தவர், ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையில் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, ஜெராக்ஸ் மெஷினின் கறுப்புப் பொடியோடு பதிந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிப் போட்டேன். இன்னும் பதினொரு நிமிடப் படம் இருந்தது.

அதில் அவள் பேசுகிறாள். அம்மா செத்துப்போயிட்டா, உனக்கு முன்னாடியே தெரியும்தானே, ஏன் சொல்லலை, தினமும் மழையைப் பத்தி மட்டும் ஏன் சொன்னே என்று கேட்கிறாள். அந்தப் பக்கத்துக் கிழக்குரல், சொல்லியிருந்தா அந்த வருஷம் பூரா நீ பயந்துக்கிட்டே இருந்திருப்பே, மழை வரும்னு சொன்னதாலதானே துணி எடுக்க அம்மாவோட மாடிக்கு ஓடினே என்கிறது. பிறகு இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து மணி ஆகிறது. முதல் தடவையாக ஃபோனை யாரும் வைக்கவில்லை. நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எங்கள் அம்மா போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று போனேன். அத்தான் அந்த முடிவைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரையோடு வந்திருந்தார். படித்து முடித்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

அக்கா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலேஜ்ல அவரை யாரும் ஏன்னு கேக்கறதில்லைடா. அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். கெடுத்துடாதே" என்றாள்.

கெடுக்கவில்லை. ஒன்பது வருடம் அந்த டிஸ்க்கைப் பூட்டிவைத்த அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கெடுக்காமல் இருந்தேன். அதற்குள் கட்டுரை புத்தகமாகிவிட்டது. மூன்று பத்திரிகைகளில் அந்தத் திறந்த வாயைப் பற்றி எழுதினார்கள். யாரோ அதை மௌனத்தின் இலக்கணம் என்றார்கள். என் கட்டைவிரலை அவர்கள் இவ்வளவு தூக்கி வைத்து ஆடியது ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தாலும், அந்தப் பதினொரு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். நல்ல பொருளைத் திருடி ஒளித்து வைத்தவனின் வெட்கம்.

வக்கீலம்மா ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து அந்தப் படத்தின் டைரக்டரைக் கண்டுபிடித்தபோதுதான் என் ரகசியத்துக்கு ஆபத்து வந்தது. அவர் அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை. இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். பட்டியல் வெளியிடும் நாளில் அவரைக் கூப்பிட்டு, கேடயம் கொடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தே படத்தைப் பார்ப்பது என்று முடிவானது.

அன்று காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. வாசலில் அத்தானின் புத்தகம் அடுக்கி இருந்தது. டைரக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யார் என்ன சொன்னாலும், "ரொம்ப நன்றிங்க" என்றார். இத்தனை பேர் தன் படத்துக்காக ஒரே அறையில் கூடுவார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். என் கையிலிருந்த ரிமோட்டை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

திறந்த வாயில் நிறுத்திவிடுவது என்றுதான் நானும் போயிருந்தேன். டைரக்டர் ஏதாவது கேட்டால் டிஸ்க் பழசு என்று சமாளித்துக்கொள்ளலாம். கடைசி ஃபோன் அடித்தது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தேன். அப்போது டைரக்டரைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் பேசப்போகும் வசனத்தை அவளுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்துவிட்டேன்.

அவள் பேச ஆரம்பித்ததும் அத்தான் தலை சட்டென்று நிமிர்ந்தது. பத்து வருடத்தில் அவர் சுவரை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பதினொரு நிமிடமும் ஓடியது. பெயர்கள் ஓடின. அணைக்க மறந்துபோனேன். அதன் பிறகு இருட்டு, மௌனம், ஐந்து நிமிடம். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அதற்குள் மாட்டிக்கொண்டு புழுங்கியது பின் வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. டாக்டர்கூட அன்று குறட்டை விடவில்லை.

விளக்கு வந்தது. அத்தான் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தைப் பாராட்டினார். பிறகு, இந்தக் கடைசிப் பகுதி தயாரிப்பாளரின் வற்புறுத்தலால் பின்னால் ஒட்டப்பட்டது என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிகிறது என்றார். சங்கம் போற்றுவது அசல் வடிவத்தை. அதில் அவள் பேசுவதில்லை. இந்த ஒட்டுப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் பத்து வருடத்தின் தலைசிறந்த படம் இதுதான் என்று முடித்தார். வக்கீலம்மா அதை வழிமொழிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

டைரக்டர் மடியில் இருந்த கேடயத்தைப் பார்த்தார். அதில் அவர் பெயர் பொறித்திருந்தது. பிறகு மெதுவாக எழுந்தார்.

"நீங்கள்லாம் படிச்சவங்க. எனக்கும் அந்த இடத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு. வேண்டாம்னா எடுத்துடலாம் சார்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது. பத்து வருடம் யாரும் கூப்பிடாத மனுஷன், கூப்பிட்டவர்கள் மனம் கோணக் கூடாது என்று தன் பிள்ளையின் தலையை வெட்டித் தரச் சம்மதிக்கிறார். வெட்டச் சொல்வதோ என் கட்டைவிரல்.

"எடுக்காதீங்க சார்" என்றேன். அறையே திரும்பியது. "இவங்க சொல்ற அசல் ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு டிஸ்க் மாட்டிக்கிச்சு. என் கை அழுக்கு. மறுநாளே கழுவி முழுசா பாத்துட்டேன். ஒன்பது வருஷமா சொல்லலை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீலம்மா, மெஷினுக்குப் பேச அனுமதி உண்டா என்று சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். அத்தான் என்னைப் பார்த்தார். வாசலில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வாடியதை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைக் கை நீட்டி அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

டைரக்டர்தான் முதலில் பேசினார். அத்தானிடமோ குழுவிடமோ இல்லை, நேராக என்னிடம்.

"நீங்க முழுசா பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

பத்து வருடத்தில் முந்நூறு படம் ஓட்டியிருக்கிறேன். ஒரு படம் எப்படி இருந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை. ரிமோட்டைக் கீழே வைத்தேன். வக்கீலம்மா மறுபடியும் எழுந்தார்.

அத்தான் அவரைக் கையமர்த்தினார். "உக்காருங்க. என் மச்சான் பேசட்டும்" என்றார். சொல்லிவிட்டு, தலைவர் நாற்காலியில் உட்காராமல், பார்வையாளர் வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுக்கவில்லை.

"துணி எடுக்க மாடிக்கு ஓடினதைச் சொல்றாளே சார், அந்த இடத்துல..." என்று ஆரம்பித்தேன்.